இரண்டு பெட்டிகளோடு சிங்கப்பெருமாள் கோவில் வரை

காலை ஏழு ஐம்பதுக்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினோம். சீட்டு ஆளுக்குப் பத்து ரூபாய். போய்ச் சேர வேண்டிய இடம் இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இதைப் போய் ஒரு பயணம் என்று எழுதுகிறாளே என்று நினைக்கலாம். எங்கள் கம்பெனியின் பேக்கிங் பகுதியிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு வெளியே போன முதல் ஆள் நான். அடுத்துப் போகிறவர்கள் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னோடு வந்தவள் ஜெஸ்ஸி, எங்கள் இன்ஜினியர். சேலையூர்ப் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கறுப்புப் பெட்டிகள். தோட்டத்து மோட்டாரை எங்கோ இருந்துகொண்டு போனிலேயே போடவும் நிறுத்தவும் உதவுகிற பெட்டி அது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்கிறோம். இதுவரை உள்ளூரில்தான் விற்றோம். இப்போது ஐரோப்பாவிலிருந்து ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது.

அங்கே புதுச் சட்டம் வருகிறதாம். இணையத்தோடு சேர்கிற எந்தப் பொருளாக இருந்தாலும், திருடன் உள்ளே நுழைய முடியாதபடி இருக்க வேண்டும். விற்ற பிறகு ஓட்டை தெரிந்தால், செய்தவர்களே அடைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதை அட்டையின் பின்பக்கம் அச்சடித்தும் வைத்திருந்தோம். அப்படியெல்லாம் இனி முடியாது. அதனால் ஜெஸ்ஸி வேறொரு சிப்பைப் போட்டுப் புதிதாக ஒரு பெட்டியை உருவாக்கினாள். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரகடம் சாலையில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே இரண்டு மாதிரிப் பெட்டிகளைக் கொடுத்துச் சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பெட்டியை மூடியவரே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், வழியில் கை மாறக் கூடாது என்று அங்கே ஒரு விதி. திருகு முடுக்கி மூடியவள் நான். அப்படித்தான் இந்தப் பயணம் எனக்கு வாய்த்தது.

நான் பத்தாவதோடு நின்றவள். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. முதல் நாள் இரவே புடவையை எடுத்து வைத்துவிட்டேன்.

பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். பெருங்களத்தூரில் ஏறிய ஒரு பூக்காரப் பெண் எனக்கு எதிரே கூடையோடு உட்கார்ந்தாள். என் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மடியிலயே வச்சிகினு கீற? கீழ வையேன். யாரும் தூக்கிகினு ஓட மாட்டாங்க."

"உடையற சாமான்" என்றேன்.

"முட்டையா?"

ஜெஸ்ஸி சிரித்துவிட்டாள். "முட்டையவிட மோசம்கா. இதுக்காக எங்க சார்கிட்ட எட்டு மாசமா திட்டு வாங்கிட்டு இருக்கேன்."

"அப்ப கெட்டியா புடிச்சிக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பூக்கட்ட ஆரம்பித்தாள்.

வண்டலூர் தாண்டியதும் ஜெஸ்ஸியிடம் அந்தச் சிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கம்பெனியில் கேட்க வெட்கம். வண்டியில் அவளும் என்னைப் போலப் பயணி என்பதால் கேட்க முடிந்தது.

"சாதாரண சிப்புன்னா கட்டி முடிச்ச ஃபிளாட் மாதிரிக்கா. செவுத்த நகர்த்த முடியாது. இதுல உள்ள இருக்கற வயரிங்கையே நாம எழுதி மாத்தலாம். நாளைக்கு ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா, வித்த பெட்டிய எல்லாம் திருப்பி வாங்க வேணாம். இங்கிருந்தே செவுத்த நகர்த்தி அடைச்சிடலாம். சட்டம் மாறினாலும் பெட்டி அதேதான்."

"நாம நகர்த்தலாம்னா வேற எவனாவதும் நகர்த்துவானே?"

"கரெக்டா கேட்டீங்க. அதுக்குத்தான் சாவி. ஒவ்வொரு பெட்டிக்கும் வேற வேற சாவி, சிப்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். நம்ம கையெழுத்து இல்லாத எதையும் அது உள்ள விடாது. யாராவது மூடியத் தொறந்து நோண்டப் பாத்தா, அந்தச் சாவிய அதுவே அழிச்சிடும். அப்புறம் அது பெட்டியே இல்ல. வெறும் பிளாஸ்டிக்."

நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். யாரோ ஒரு முரடன் வெளிநாட்டில் ஒரு தோட்டத்துச் சுவரேறிக் குதித்து, கம்பியால் எங்கள் பெட்டியைப் பிளப்பதுபோல் மனதில் ஒரு படம் வந்தது. அவனுக்கு நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

"ஆனா இதுக்கு விலை ஜாஸ்தி. பழைய சிப்பே போதும்னுதான் சார் இன்னும் சொல்லிட்டிருக்காரு. இன்னிக்கு இது ஓடிக் காட்டலன்னா அவ்ளோதான். பழசுக்கே போயிடுவாரு. ஆர்டரும் போயிடும், என் எட்டு மாசமும் போயிடும்" என்றாள் ஜெஸ்ஸி. சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக இறங்கிப் போனார்கள். வண்டியில் காற்று வந்தது. எட்டரைக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினோம்.

சோதனைக்கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த நேரம் பதினொரு மணி. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பெருமாளைப் பார்க்காமல் எப்படிப் போவது? தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா போய்ட்டு வாங்கக்கா. நான் இந்தக் கடையில டீ குடிச்சிட்டு சாருக்கு போன் பண்றேன். பை மட்டும் உங்க கையவிட்டுப் போகக் கூடாது."

பார்க்காதவர்களுக்காக அந்தக் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அது குடைவரைக் கோயில். நரசிம்மர் பாறைக்குள்ளேயே பெரிய உருவமாக உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சார்த்திய நாமத்தை அர்ச்சகர் மெல்லத் தூக்கி, தீபத்தைக் கிட்டே காட்டினால் மூன்றாவது கண் தெரிகிறது. பாறையோடு பாறையாக இருப்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். சின்ன மலைதான். படியேறிப் பின்பக்கமாக நடந்து வந்துவிடலாம். அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. அர்ச்சகர் பையை வாங்கிப் படியில் வைத்து, துளசியும் குங்குமமும் கொடுத்துத் திருப்பித் தந்தார்.

"என்னம்மா, புது மொபைலா?" என்றார்.

"வெளிநாட்டுக்குப் போற பெட்டி சாமி."

"நல்லா போயிட்டு வரட்டும்."

இங்கேதான் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் புதுப் பெட்டியாக இருந்தாலும் முதலில் வெளியே போகும் உருப்படிக்கு நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். வெளியே வைத்தால் வாங்குகிறவர்கள் அழுக்கு என்பார்கள். அதனால் மூடியின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு. யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை. நானாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. முதலாளியே சில நேரம் "லோகா, பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்பார். இந்த இரண்டு பெட்டிகளை மூடியபோது மட்டும் ஒரே அவசரம். ஜெஸ்ஸி அடுத்த மேஜையில் மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டே "மூடுங்கக்கா, மூடுங்க" என்று விரட்டினாள். பொட்டு விட்டுப்போயிற்று. அது இரவெல்லாம் எனக்கு உறுத்தலாக இருந்தது. முதன்முதலாகக் கடல் தாண்டப் போகிற பெட்டி, வெறும் நெற்றியோடு போகிறதே என்று.

மலையின் பின்பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. என் கைப்பையில் சின்னத் திருகுளி எப்போதும் இருக்கும். நான்கு திருகுகள். சோதனைக்கூடத்தின் முத்திரைச் சீட்டை அங்கே போன பிறகுதான் ஒட்டுவார்கள் என்பதால் கிழிக்க ஒன்றுமில்லை. மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு பொட்டு வைத்தேன். ஓரத்தில் ஒரு துளசி இலை. மறுபடி முடுக்கினேன். ஒரு கீறல்கூட விழவில்லை. ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட மனம் வரவில்லை. அதற்கும் வைத்தேன்.

ஜெஸ்ஸி வண்டியில் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அவள் சொன்னது திருடனைப் பற்றி. நான் இந்தப் பெட்டியை மூடியவள். என் கை அதற்குத் தெரியாதா? மேலும் அதில் மின்சாரமே இல்லை. பைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு யார் திறந்தார்கள் என்று எப்படித் தெரியும்? இப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு நிம்மதியாக மலையிறங்கி வந்தேன்.

பத்து மணிக்குப் ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் சோதனைக்கூடத்து வாசலிலேயே இறக்கிவிட்டார். "இன்னாமா, இண்டர்வியூவா? ரெண்டு பேர் மூஞ்சியும் இப்டி கீது" என்றார். ஜெஸ்ஸிக்கு நல்ல பதற்றம். என் மனம் மட்டும் நிறைவாக இருந்தது.

சோதனைக்கூடத்து வாசலில் எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே குளிரில் பல் கிட்டியது. வெள்ளை மேஜைகள். எங்களை வரவேற்றவர் பெயர் சுகுமார். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர். பெட்டிகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மூடினீங்களா? நீட்டா இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

முதல் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. அணைத்து மறுபடி கொடுத்தார். சிவப்பு. கணினித் திரையைப் பார்த்து, "உள்ள எதுவுமே எழும்பலயேம்மா" என்றார். இரண்டாவது பெட்டியை எடுத்தார். அதுவும் சிவப்பு.

ஜெஸ்ஸியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நேத்து சாயங்காலம் ரெண்டும் ஓடிச்சு சார். வீடியோகூட எடுத்தேன்."

"ஓடிருக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி நிக்குதுன்னா டிசைன்ல ஏதோ கோளாறு. இந்தச் சிப்பைப் புதுசா எடுத்துக்கறவங்களுக்கு இது நடக்கறதுதான்."

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் வட்டமாக ஒரு கடிகாரச் செல் இருக்கும். அதை என் கையால்தான் பொருத்தினேன். மணி காட்டுவதற்கு என்று நினைத்திருந்தேன். மின்சாரம் இல்லாதபோதும் அந்தச் செல்லை வைத்துப் பெட்டி விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். அதற்குள் ஜெஸ்ஸி முதலாளியிடம் பேச வரவேற்பறைத் தொலைபேசிக்குப் போய்விட்டாள். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. "இல்ல சார்... இல்ல சார்... சிப்ப சொல்லாதீங்க சார்... சார், ப்ளீஸ்..." என்று அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது பயம். இவள் திட்டு வாங்கட்டும், நமக்குத் தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம் என்று எழுதுகிறேன், அதைவிட நீளமாகவே இருந்தது.

சுகுமார் திருகுளியை எடுத்தார். "எப்படியும் ஓடல. தொறந்து பாத்துடுவோம்." மூடியைக் கழற்றித் திருப்பினார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார்.

"என்ன இது, துருவா?"

ஜெஸ்ஸி அப்போதுதான் திரும்பி வந்தாள். மூடியைப் பார்த்தாள். துளசி இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா?"

"நான்தான்" என்றேன்.

"எப்ப?"

"காலையில. கோயில்ல. மலைக்குப் பின்னாடி."

"ரெண்டையுமா?"

"ஒண்ணுக்கு மட்டும் எப்படி வைக்கிறதுன்னு..."

சுகுமார் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியாமல் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "டேய், பொட்டு வெச்சி கொன்னுட்டாங்கடா" என்றான் ஒருவன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் குளிர் அறையில் என் காதிரண்டும் நெருப்பாக எரிந்தன. வண்டியில் அந்த முரடனுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேனே, அவன் நின்ற இடத்தில் இப்போது நான் பட்டுக்கரைப் புடவையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க சிப் நல்லா வேலை செஞ்சிருக்கும்மா" என்றார் சுகுமார் ஜெஸ்ஸியிடம். "தொறந்தாங்க, சாவிய அழிச்சிடுச்சி. பக்காவா இருக்கு. ஆனா என் கண் முன்னாடி நடக்கலையே. நான் எப்படி எழுதித் தர முடியும்? மத்த டெஸ்ட் எல்லாத்துக்கும் ஓடற பெட்டி வேணும். அடுத்த வியாழக்கிழமை ஒருத்தர் வரலன்னு சொல்லிருக்காரு. அந்த நேரத்துக்கு வாங்க."

ஜெஸ்ஸி தலையை ஆட்டினாள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்றேன். என் வாழ்க்கையில் நானாகப் போய் முதலாளியிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், லோகா பேசறேன். பெட்டி கெட்டது ஜெஸ்ஸியால இல்ல சார். சிப்பாலயும் இல்ல. நான் தொறந்தேன். பொட்டு வைக்க."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ தொறந்தியா?"

"ஆமா சார்."

"வெள்ளைக்காரன் கேட்டா நான் என்னம்மா சொல்றது? பொட்டு வெச்சதுல ஒரு வாரம் லேட்டுன்னா?" கொஞ்ச நேரம் கத்தினார். அதையெல்லாம் எழுத வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் கைல தொறந்தா, தொறந்த அடையாளமே தெரியாதே லோகா. ரிட்டர்ன் வர்ற பெட்டியெல்லாம் தொறந்து பாக்க உன்கிட்டதானே தர்றோம்" என்றார். பிறகு வேறு குரலில், "உன் கையையே கண்டுபிடிச்சிடுச்சா அது?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"ம்." என்றார். "சரி. அந்தச் சிப்பே இருக்கட்டும். ஜெஸ்ஸிகிட்ட குடு."

ஜெஸ்ஸி வாங்கிப் பேசினாள். "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் சார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய எட்டு மாதம் தப்பித்தது. எனக்கு அதில் சந்தோஷப்படும் உரிமை இல்லை என்று தோன்றியது. கொஞ்சம் முன்னால்வரை அதை நானே மேஜையடியில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் ஒன்றரை மணிக்குத் தாம்பரம் வழியாகப் போகிற வண்டி கிடைத்தது. அதே பத்து ரூபாய். கூட்டம் இல்லை. ஜெஸ்ஸி ஜன்னல் ஓரமாகவும் நான் எதிர் வரிசையின் மறுகோடியிலும் உட்கார்ந்தோம். பையை இப்போது அவள் வைத்திருந்தாள்.

கூடுவாஞ்சேரி வரை நான் எங்கள் வீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரில் எங்கள் குடியிருப்பில் மூன்று வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு வந்ததில்லை. சிங்கில் பாத்திரம் கிடந்தால் தேய்ப்பேன். கொடியில் கிடக்கிற துணியை மடித்து அலமாரியைத் திறந்து வைப்பேன். ஒரு வீட்டில் சாமி படங்களை வரிசை மாற்றிக்கூட வைத்திருக்கிறேன். நான்தானே, யாரோ இல்லையே என்று. அவர்கள் திரும்பி வந்து ஒன்றும் சொன்னதில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான் என்று அந்த வண்டியில்தான் தோன்றியது. மனிதர்களுக்கு முகத்துக்கு நேரே சிவப்பு விளக்குப் போட முடிவதில்லை. அந்தப் பெட்டிக்கு என் வயதும் தெரியாது, நான் பத்து வருடமாக அங்கே வேலை செய்கிறேன் என்பதும் தெரியாது. திறக்காதே என்றால் நானும் திறக்கக் கூடாது. அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

வண்டலூர் தாண்டியதும் ஜெஸ்ஸி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூடிய எவ்ளோ தூரம் தூக்கினீங்க? முழுசாவா?"

"முழுசா."

"மெதுவாவா, வேகமாவா?"

"மெதுவாத்தான். உள்ள இருக்கற வயர் இழுபடக் கூடாதுல்ல."

அவள் ஏதோ கணக்குப் போடுவதுபோல் மேலே பார்த்தாள். "மெதுவா தொறந்தா அதுக்குத் தெரியுமான்னு எனக்கே சந்தேகம் இருந்துச்சிக்கா. நான் வேகமா தொறந்துதான் பாத்திருக்கேன்."

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, இன்றைக்கும் தெரியவில்லை. "மன்னிச்சிக்கம்மா" என்றேன். அவள் முதலாளியிடம் போனில் பேசும்போதே எனக்குத் தெரியும், அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. சுகுமார் திறந்த பிறகுதான் எனக்கே புரிந்தது என்று நினைத்திருக்கிறாள். கேட்டதும் அவள் முகம் மாறியது. பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்கே போய்விட்டாள். பெருங்களத்தூர் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அது. நான் இறங்கவில்லை. கம்பெனிக்குப் போய்ப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.

தாம்பரத்தில் இறங்கி மேம்பாலப் படி ஏறும்போதுதான் மறுபடி பேசினாள்.

"நாளைக்கு ரெண்டு பெட்டிக்கும் புதுச் சாவி போடணும். காலையில சீக்கிரம் வந்துடுங்க."

"நான் மூட வேணாம்மா. வேற யாராவது..."

"உங்க அளவுக்கு யார் மூடுவாங்க? நீங்கதான். குங்குமம் எடுத்துட்டு வாங்க. மூடறதுக்கு முன்னாடியே வெச்சிடுங்க." இரண்டு படி ஏறிவிட்டு, திரும்பாமலே சொன்னாள். "நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

சரி என்றேன். அவள் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பெட்டி மூடும்போது யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.